சீட் ஆடுதுன்னா போஸ்ட் வளையுதுன்னு அர்த்தமில்ல தம்பி

கேள்வி: அண்ணே, நான் தலவாக்கலை. வெளிநாட்டுல இருக்குற மாமா போன வருசம் வந்தப்ப அவரோட பழைய ரோட் பைக்கை எனக்கு குடுத்துட்டுப் போனார். அலுமினியம் ஃப்ரேம், சீட்டைத் தாங்குற குழாய், அதான் சீட் போஸ்ட், 27.2 சைஸ் கார்பன். என் வெயிட் 70 கிலோ, உயரம் 5 அடி 11. ஃப்ரேம் எனக்கு கொஞ்சம் சின்னது, அதனால போஸ்ட்டை நல்லா தூக்கித்தான் வச்சிருக்கேன். தோட்டத்து ரோட்டுல போறப்ப பின்னால வர்ற கூட்டாளி "டேய் உன் சீட் மேலயும் கீழயும் ஆடுதுடா, ஒடையப் போகுது"ங்கறான். இன்னொருத்தன் கார்பன்னா ஆடத்தான் செய்யும், அதுக்குத்தானே காசுங்கறான். நானுஓயா ஏத்தத்துல கிரீச் கிரீச்னு சத்தம் வேற. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை சீட் இறங்கிப்போகுதுன்னு அப்பா கிரீஸ் போட்டு நல்லா இறுக்கி விட்டார். ஒரு கார்பன் போஸ்ட் எவ்வளவுதான் வளையலாம்?

பதில்:

தம்பி, நீங்க வளைவைப் பத்தி கேட்டிருக்கீங்க, ஆனா அப்பா கிரீஸ் போட்டு இறுக்கினார்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சப்புறம்தான் கையில இருந்த பிளேன்டீயை கீழ வச்சிட்டு ஒழுங்கா உக்காந்து எழுதணும்னு தோணுச்சு. வளைவுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த போஸ்ட்டை வெளிய உருவி பாக்குற வரைக்கும் இந்த பைக்கை எடுத்துட்டு இறக்கத்துல போகாதீங்க. கடைக்குப் போறதுன்னாலும் நடந்தே போங்க.

இப்ப வளைவு. பின்னால வர்ற ஒருத்தனுக்கு போஸ்ட் வளையுறது தெரியவே தெரியாது. ஏன்னா சீட் போஸ்ட் நட்டுக்குத்தலா நிக்கிறதில்ல, ரோட் பைக்குல தரைக்கு கிட்டத்தட்ட 73 டிகிரியில பின்னால சாய்ஞ்சு நிக்குது. நீங்க உக்காந்தா உங்க பாரத்துல பெரும்பகுதி குழாய் வழியா நேரா கீழ இறங்கிரும், அது போஸ்ட்டை வளைக்காது, நசுக்கத்தான் பாக்கும். போஸ்ட்டை குறுக்கால தள்ளி வளைக்கிறது 30 சதவீதம் கூட இல்ல, 70 கிலோவுக்கு ஒரு 20 கிலோன்னு வைங்க. அப்படித் தள்ளும்போது போஸ்ட்டோட தலை போறது பின்பக்கமா, கீழ இறங்குறது ரொம்ப ரொம்ப கொஞ்சம். சீட்டோட பின்பக்கம் லேசா தாழும், மூக்கு லேசா தூக்கும், அதையும் பக்கத்துல இருந்து பாத்தாத்தான் பிடிபடும். உங்க கூட்டாளி பின்னால இருந்து "மேலயும் கீழயும்"னு பாத்தது அனேகமா டயர் அமுங்கி எழும்புறது, இல்ல சீட்டுக்கு அடியில இருக்குற கம்பி வளையுறது. டயர் சும்மா உக்காந்தாலே அதோட உயரத்துல 15 சதவீதம் போல அமுங்குறது நல்ல காத்துன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, 28 மில்லிமீட்டர் டயருன்னா அது 4 மில்லிமீட்டர், கிடங்குல விழுந்தா இன்னும் கூட. போஸ்ட் அவ்வளவு நகராது.

எவ்வளவு நகரும்? சாதாரண அலுமினியம் போஸ்ட் ஒண்ணு எடுத்துக்கோங்க, வெளி விட்டம் 27.2, குழாய் சுவர் 2 மில்லிமீட்டர் தடிப்பு, கிளாம்புக்கு (ஃப்ரேம் வாயில போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) மேல 20 சென்டிமீட்டர் வெளிய நிக்குது. அந்த 20 கிலோ குறுக்குத் தள்ளலுக்கு கணக்கு போட்டா தலை நகர்றது 0.6 மில்லிமீட்டர். அவ்வளவுதான், ரெண்டு விசிட்டிங் கார்டு தடிப்பு. அதே போஸ்ட்டை 25 சென்டிமீட்டருக்கு தூக்கினா 1.2 மில்லிமீட்டர் ஆயிரும், டபுள். நீளம் கால்வாசி கூடினா வளைவு ரெண்டு மடங்கு, ஏன்னா வெளிய நிக்கிற நீளத்தை மூணு தடவை பெருக்கின கணக்குலதான் வளைவு கூடும். உங்களுக்கு ஃப்ரேம் சின்னது, போஸ்ட் உயரம், அதனால கட்டையான ஒரு கூட்டாளி அதே போஸ்ட்டை போட்டு ஓட்டிட்டு "இது கல்லு மாதிரி இருக்கே"ன்னுதான் சொல்வான், ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். விட்டமும் அப்படித்தான், 27.2க்கு பதிலா 31.6 போட்டா அதே சுவர் தடிப்புக்கு ஒண்ணரை மடங்குக்கு மேல விறைப்பு, அதனாலதான் சொகுசு வேணும்ங்கறவங்க 27.2ஐ விட்டு அசையமாட்டாங்க.

கார்பன்ல மட்டும் இந்தக் கணக்கை கண்ணை மூடிட்டு போட ஏலாது. அலுமினியம் எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே அலுமினியம். கார்பன்ல நாரை குழாய் நீளத்துக்கு படுக்க வச்சா விறைப்பு, சரிவா சுத்தினா இளக்கம், அது செஞ்சவன் கையில இருக்கு. வட்டமான சாதாரண கார்பன் போஸ்ட் நிறைய, வளையுற விசயத்துல அலுமினியத்தை விட பெருசா வித்தியாசம் கிடையாது, வெயிட் குறைவு, அதிர்வு கொஞ்சம் மொட்டையா வரும், அவ்வளவுதான். வளையுறதுக்குன்னே செய்யுறது வேற ஜாதி. கேன்யன், எர்கன் கம்பெனிக்காரங்க ரெண்டு தகட்டை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வச்சு லொறி பட்டை ஸ்பிரிங் மாதிரி ஒரு போஸ்ட் செஞ்சாங்க, அந்த மாதிரி சாமான் பெரிய குலுக்கலுக்கு 20 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். உங்களோடது வட்டக் குழாய்தான்னா சும்மா உக்காரும்போது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர், கிடங்குல விழுறப்ப அதைப் போல ரெண்டு மூணு மடங்கு, அதுக்குள்ள இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. 10 மில்லிமீட்டர் அசையுதுன்னா அது வளைவே இல்ல, எங்கயோ லூஸ், இல்லன்னா எங்கயோ வெடிப்பு. பக்கவாட்டுல திரும்புதுன்னாலும் அப்படித்தான், வட்டக் குழாய் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு முறுக்காது, கிளாம்ப் பிடிக்கலன்னு அர்த்தம்.

ஆனா இந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க. ஐஎஸ்ஓ 4210ன்னு சைக்கிளுக்கு ஒரு சர்வதேச தரம் இருக்கு, அதுல சீட் போஸ்ட்டை மெஷின்ல மாட்டி ஒரு லட்சம் தடவை அமுக்கி எடுக்குற டெஸ்ட் ஒண்ணு. ஒடைஞ்சுச்சா, வெடிச்சுச்சான்னு பாக்குறதோட, கார்பன் போஸ்ட்டுக்கு இன்னொன்னையும் பாப்பாங்க, ஆரம்பத்துல வளைஞ்சதை விட 20 சதவீதத்துக்கு மேல கூடுதலா வளைய ஆரம்பிச்சிருச்சா? ஆரம்பிச்சிருந்தா ஒடையாட்டியும் ஃபெயில். முதல் நாள் 2 மில்லிமீட்டர் வளைஞ்ச போஸ்ட் இன்னைக்கும் 2 வளைஞ்சா அது ஆரோக்கியம், முதல் நாள் 1 வளைஞ்சது இன்னைக்கு ஒண்ணரை வளைஞ்சா உள்ள ஏடு பிரிய ஆரம்பிச்சிருச்சு. நான் கடையில யார் கார்பன் போஸ்ட் கொண்டு வந்தாலும் எவ்வளவு வளையுதுன்னு கேக்குறதில்ல, போன தடவைக்கு இந்த தடவை கூடியிருக்கான்னுதான் பாப்பேன்.

அதை வீட்டுலயே அளக்கலாம், பெரிய சாமான் ஒண்ணும் வேணாம். 30 சென்டிமீட்டர் ஸ்டீல் அடிமட்டம் ஒண்ணு, இன்சுலேஷன் டேப், ஒரு கூட்டாளி. அடிமட்டத்தோட கீழ் பாதியை போஸ்ட் உள்ள இறங்குற ஃப்ரேம் குழாய், அதான் சீட் டியூப், அதுக்குப் பின்னால வச்சு டேப்பால அசையாம சுத்துங்க, கிளாம்ப் கொஞ்சம் புடைச்சு நிக்கும், அதனால அடியில ஒரு கட்டை மாதிரி கடதாசி மட்டையை மடிச்சு வைங்க. மேல் பாதி போஸ்ட்டை ஒட்டி, ஆனா தொடாம, விரல் போற இடைவெளியோட நிக்கணும். இப்ப பைக்கை கதவு நிலைக்கு நடுவுல விட்டு, ஆள் ஏறாம அடிமட்டத்தோட நுனிக்கும் போஸ்ட்டுக்கும் இடைவெளி எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் நீங்க நிலையைப் பிடிச்சிட்டு ஏறி உக்காந்து, பெடல் ரெண்டும் கிடையா, கால் பாரத்தை சும்மா விட்டு, முழு பாரமும் சீட்டுல வர்ற மாதிரி உக்காருங்க, நிலையைப் பிடிச்ச கை பேலன்ஸுக்கு மட்டும்தான். கூட்டாளி திரும்ப அளக்கட்டும், இல்ல ரெண்டு தடவையும் ஃபோனை ஒரே இடத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க, அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட தெரியும். அடிமட்டம் ஃப்ரேமோட கட்டியிருக்கறதால டயர் அமுங்குறது இந்தக் கணக்குல வராது, அதுதான் இதுல உள்ள சூட்சுமம். கிடைச்ச நம்பரை, தேதியோட, போஸ்ட் எவ்வளவு வெளிய நின்னுச்சுங்கறதோட, ஒரு கொப்பில எழுதி வைங்க. மாசம் ஒருதடவை அதே மாதிரி. உயரத்தை மாத்தினா பழைய நம்பர் செல்லாது, புதுசா ஆரம்பிக்கணும்.

இதெல்லாம் போஸ்ட் நல்லா இருக்குன்னு தெரிஞ்சப்புறம். உங்களோடது நல்லா இருக்கான்னே எனக்கு சந்தேகம், அதுக்குக் காரணம்தான் அந்த கிரீஸ்.

அப்பா மேல தப்பு சொல்ல மாட்டேன். பழைய இரும்பு சைக்கிள்ல போஸ்ட்டுக்கு கிரீஸ் போட்டு கையில பலம் இருக்குற வரைக்கும் இறுக்குறதுதான் முறை, எங்க அப்பாவும் அப்படித்தான் எனக்கு சொல்லிக் குடுத்தார், தபால்காரர் ஓட்டுற சைக்கிளுக்கு அது சரி. கார்பனுக்கு கிரீஸ் போட்டா வழுக்கும், வழுக்குறதால சீட் இறங்கும், இறங்குறதால இன்னும் இறுக்குவோம், இன்னும் இறுக்கினா குழாய் நசுங்கும். அதுவும் நசுங்குறது எங்கன்னா கிளாம்போட மேல் விளிம்புல, வளையுற பாரம் அதிகமா விழுறதும் அதே இடத்துலதான். அலுமினியம் ஒடையப் போறதுக்கு முன்னாடி பல தடவை வளைஞ்சு காட்டும், பல்லைக் கடிச்சிட்டு வீடு வந்து சேரலாம். கார்பன் அப்படி இல்ல, கடைசி வரைக்கும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துட்டு டக்குனு போயிரும், போனதும் கீழ நிக்கிற துண்டு ஈட்டி மாதிரி நிக்கும்.

இத நான் படிச்சு சொல்லல. பல வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் பைக்குல என் கையாலயே செஞ்சிருக்கேன், நல்லா ஞாபகம் இருக்கு, மழை நாள், கரன்ட் இல்ல, ஃபோன் லைட்டை வாயில கவ்விக்கிட்டு எல் கீயால இறுக்கினேன், இன்னும் கொஞ்சம்னு கால் சுத்து குடுத்தேன், உள்ள பப்படம் ஒடைஞ்ச மாதிரி ஒரு சின்ன சத்தம். வெளிய ஒண்ணுமே தெரியல. அந்த மனுசனுக்கு சொல்லாம விட்டிருக்கலாம், ஆனா ராத்திரி தூக்கம் வராது, அதனால காலையில கூப்பிட்டு சொல்லி என் காசுல புது போஸ்ட் வாங்கிக் குடுத்தேன். பழசை ஹெக்ஸோ பிளேடால அந்த இடத்துல குறுக்க வெட்டிப் பாத்தேன், வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு, உள்ள சுவர் மழையில ஊறின மட்டைப்பெட்டி மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு கிடக்கு. அந்த துண்டு இன்னும் கடை ஆணியில தொங்குது, கார்பன் கொண்டு வர்ற எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறதுக்கு.

அதனால இப்படி செய்யுங்க. முதல்ல கிளாம்புக்கு மேல போஸ்ட்டைச் சுத்தி ஒரு டேப் ஒட்டிக்கோங்க, உயரம் மறக்காம இருக்க. போஸ்ட்டை உருவுங்க, வராட்டி முறுக்கி ஒடிச்சிராதீங்க. அலுமினியம் ஃப்ரேமும் கார்பன் போஸ்ட்டும் ஈரத்துல ஒண்ணா கிடந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பவுடரா பொங்கி பிடிச்சிக்கும், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கம் பெய்யுற மழைக்கு வருசம் முழுக்க கழட்டாத போஸ்ட் பத்துக்கு ரெண்டாவது பிடிச்சுத்தான் வருது என்கிட்ட, வட்டவளைப் பக்கம் இருந்து வர்ற பைக்குன்னா கேக்கவே வேணாம். வந்துச்சுன்னா துணியால கிரீஸை துடைச்சிட்டு, ஃபோன் ரிப்பேர் கடையில வச்சிருப்பாங்களே ஐசோபுரொப்பைல் அல்கஹோல், அதுல போஸ்ட்டையும் ஃப்ரேமுக்கு உள்பக்கத்தையும் வழுக்கல் போகுற வரைக்கும் துடைங்க. தின்னர், பெட்ரோல் வேணாம், மேல் பூச்சு கெட்டுரும்.

துடைச்சப்புறம் வெயில்ல வச்சு கிளாம்ப் பிடிச்ச இடத்தை சுத்தி சுத்தி பாருங்க. குறுக்க வெள்ளைக் கோடு, பள்ளம், நகத்துல தட்டுப்படுற விளிம்பு இருக்கா? நகம் வழுக்கிட்டு போற மெல்லிய கீறல் பூச்சுலதான், அது பரவாயில்ல, நகம் மாட்டுச்சுன்னா பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு பஞ்சுத் துண்டை மேல இழுத்துப் பாருங்க, நார் பிச்சிட்டு நின்னா பஞ்சு சிக்கும். அப்புறம் 5 ரூபா காசால மெதுவா தட்டிட்டே வாங்க, டிக் டிக்னு வர்ற சத்தம் ஒரு இடத்துல மட்டும் டொப்புனு விழுந்தா சந்தேகம்தான், ஆனா சுவர் தடிப்பு மாறுற இடத்துலயும் சத்தம் மாறும், அதனால காசு டெஸ்ட்டை மட்டும் நம்பி தூக்கிப் போடவும் வேணாம், மாட்டவும் வேணாம். மத்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா தூக்கிப் போடுங்க, ஒட்டுப் போட்டு தர்றேன்னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க.

அந்த நேரமே இன்னொன்னையும் பாருங்க, போஸ்ட்டுல மினிமம் இன்சர்ட்னு, குறைஞ்சது இதுவரைக்கும் ஃப்ரேமுக்கு உள்ள போகணும்னு ஒரு கோடு இருக்கும், உங்க டேப் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேல? கோடு உள்ள போயிருந்தா மட்டும் போதாது, போஸ்ட்டோட அடி நுனி மேல் குழாய் வந்து சேர்ற மூட்டுக்கும் கீழ இறங்கியிருக்கணும், இல்லன்னா வெடிக்கிறது போஸ்ட் இல்ல, ஃப்ரேம். உங்க உயரத்துக்கு நான் முதல்ல சந்தேகப்படுறதே இதுதான். எட்டலன்னா 400 மில்லிமீட்டர் நீளமுள்ள போஸ்ட் ஒண்ணு வாங்குங்க, அலுமினியமா இருந்தாலும் சரி.

திரும்ப மாட்டும்போது கிரீஸ் கிடையாது, கார்பன் பேஸ்ட்டுன்னு சின்ன பாக்கெட்டுல வரும், தொட்டா நெறநெறன்னு மணல் மாதிரி, அதுல உள்ள துகள்தான் பிடிமானம் குடுக்கும், குறைஞ்ச இறுக்கத்துலயே போஸ்ட் நிக்கும், தண்ணிக்கும் கொஞ்சம் தடுப்பு. கராஜ்ல வால்வ் அரைக்கிற பேஸ்ட் இருக்கு அதும் நெறநெறன்னுதானேன்னு கேட்டு ஒருத்தர் வந்தார், வேணாங்க, அது இரும்பை அறுக்கிறதுக்கு செஞ்சது, நாரை விட்டு வைக்காது.

இறுக்கம் கிளாம்புலயும் போஸ்ட்டுலயும் அச்சடிச்சிருக்கும், அனேகமா 5 நியூட்டன் மீட்டர் பக்கத்துல, ரெண்டுலயும் வேற வேற இருந்தா குறைஞ்சதை எடுங்க. இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் ரென்ச் இல்லன்னா பயணப் பை நிறுக்குற சின்ன டிஜிட்டல் தராசு போதும், கொழுந்து நிறுக்கிற தராசு தேவையில்ல. எல் கீயோட நீளக் கையில போல்ட்டுல இருந்து சரியா 10 சென்டிமீட்டர்ல தராசுக் கொக்கியை மாட்டி கைக்கு செங்குத்தா இழுங்க, 5 கிலோ காட்டுற இடத்துல நிப்பாட்டினா அது 5 நியூட்டன் மீட்டர். முதல் தடவை இழுக்கிறவங்க எல்லாருமே "இவ்வளவுதானா"ன்னு கேப்பாங்க. இவ்வளவுதான்.

ஏத்தத்துல மட்டும் ஏன் சத்தம்னா, 10 சதவீத ஏத்தத்துல பைக்கே கிட்டத்தட்ட 6 டிகிரி பின்னால சாயுது, 73ல நின்ன போஸ்ட் 67ல நிக்குது, குறுக்கால தள்ளுற பாரம் மூணுல ஒரு பங்கு கூடிப்போகுது, நீங்களும் உக்காந்துக்கிட்டே மிதிச்சிருப்பீங்க. கிரீஸ் பூசின கிளாம்ப் அதைத் தாங்காம உரசிக் கத்துது. பேஸ்ட் போட்டும் கத்தினா சீட்டோட கம்பியைப் பிடிக்கிற போல்ட்டைப் பாருங்க, நிறைய நேரம் திருடன் அங்கதான் இருப்பான்.

குலுக்கல் குறையணும்னுதான் கேட்டீங்கன்னா போஸ்ட்டை விட்டுட்டு டயரைப் பிடிங்க. 28 டயர்ல 100 பிஎஸ்ஐ அடிச்சிட்டு தோட்டத்து ரோட்டுல போறவங்களை தினம் பாக்குறேன், உங்க வெயிட்டுக்கு 70 பக்கம் போதும், ஃப்ரேம்ல இடம் இருந்தா 32 போட்டு இன்னும் இறக்கலாம். எந்த கார்பன் போஸ்ட்டும் அந்த வித்தியாசத்தை தராது.

போஸ்ட்டுல ஏதாவது சந்தேகமா தெரிஞ்சா பைக்கை ஓட்டிட்டு வராதீங்க. போஸ்ட்டை மட்டும் ஒரு பழைய டவல்ல சுத்தி ஹட்டன் பஸ்ல ஏறுங்க, ஃப்ரேமோட வாய்ல இருந்து மேல் குழாய் மூட்டோட அடி வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து எழுதிட்டு வாங்க. அப்பாவுக்கு லீவு இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க, ஆணியில தொங்குற அந்தத் துண்டை அவர் கையில குடுத்துப் பாக்கச் சொல்லணும்.